மாத்திரையை நிறுத்தியதும் படபடப்பு கூடுவது ஏன்?

தேவகோட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்க ஆத்தாவுக்கு வயது 58. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தும் ஓயாத படபடப்பு. பதற்ற நோய் என்று சொல்லி, புரோப்ரனலால் 20 மி.கி. காலையும் மாலையும், குளோனாசெபாம் 0.5 மி.கி. இரவிலும் கொடுத்தார்கள். எட்டு மாதம் நன்றாக இருந்தவர், குணமாகிவிட்டது என்று இரண்டையும் தாமாகவே நிறுத்திவிட்டார். இன்று நான்காம் நாள். முன்பைவிட நடுக்கமும் படபடப்பும் அதிகம். மருந்து ஒட்டும் ஏற்பிகள் பதற்றத்தால் உடல் உறுப்புகளில் கூடிக் குறையும் என்று படித்தேன். உண்மையா? ரத்தத்தில் அதைச் சோதித்துப் பார்க்கலாமா?"

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். மருந்து எழுதிய மருத்துவரை இன்றே கூப்பிட்டு, நிறுத்திய தேதியைச் சொல்லுங்கள். விட்ட வேளைகளை ஈடுகட்ட இரட்டிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். நெஞ்சுவலி, வலிப்பு, மயக்கம், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108.

நீங்கள் படித்ததில் உண்மை உண்டு. ஏற்பி என்பது செல்லில் இருக்கும் பூட்டு. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினும் மருந்தும் சாவிகள். வளவு வீட்டுக் கொத்துச் சாவியில் ஒரே சாவி முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் சேர்வதுபோல, ஒரே மருந்து பல உறுப்புகளில் வேலை செய்யும். வீட்டுப் பூட்டுக்கு இல்லாத ஒரு குணம் ஏற்பிக்கு உண்டு. தேவைக்கேற்ப அதன் எண்ணிக்கை கூடும், குறையும்.

இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பியில் அட்ரினலின் சேர்ந்தால் துடிப்பு கூடும். புரோப்ரனலால் அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் அடைபட்டே இருந்தால், செல் புதிய பீட்டா ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்ளும். மருந்தைச் சட்டென்று விட்டால் அடைப்பு ஓரிரு நாளில் நீங்கிவிடும். பெருகிய ஏற்பிகள் குறையவோ நாளாகும். இடைப்பட்ட அந்த நாட்களில் சாதாரண அளவு அட்ரினலினே இதயத்தை உதைக்கும். இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரம்வரை இது கடுமையாக இருக்கும். உங்கள் ஆத்தா இப்போது அங்கேதான் நிற்கிறார். பழைய நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்ட இது நேரமல்ல.

குளோனாசெபாமின் கதை வேறு. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளுக்கு மூளையில் ஏற்பி உண்டு; அந்தக் காபா ஏற்பியில் வேலை செய்து அது பதற்றத்தை அடக்கும். நாள்பட நாள்பட அந்த ஏற்பி மருந்துக்குப் பழகி மந்தமாகிவிடும். இம்மருந்தில் பாதி உடம்பை விட்டு நீங்கவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும் என்பதால், நிறுத்திய முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. தூக்கமின்மையும் நடுக்கமும் பிறகுதான் வரும். 'விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

ரத்தச் சோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளோனாசெபாமின் இனத்தைச் சேர்ந்த டயசெபாம் மூளைக்கு வெளியிலும் ஒட்டுகிறது என்பது 1977-இல் எலியின் சிறுநீரகத்தில் தெரியவந்தது. அங்கே அது ஒட்டுவது காபா ஏற்பியில் அல்ல, வேறொரு ஏற்பியில். இதயத்திலும் அட்ரினல் சுரப்பியிலும் ரத்தத் தட்டணுக்களிலும்கூட அந்த ஏற்பி உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்துகொண்டு, கொழுப்பிலிருந்து ஸ்டீராய்டு ஹார்மோன் தயாராகும் வேலையில் அதற்குப் பங்கிருப்பதாகக் கருதப்படுகிறது. விலங்குகளில் திடீர் அழுத்தத்தின்போது அது கூடியது. நீண்ட அழுத்தத்தில் குறைந்தது. நாள்பட்ட பதற்ற நோயாளிகள் சிலரின் தட்டணுக்களிலும் அது குறைவாக இருந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம்; எல்லா ஆய்வுகளும் ஒரே விடை தரவுமில்லை. குளோனாசெபாம் இந்த ஏற்பியில் பெரிதாக ஒட்டுவதுமில்லை. ஆகவே இதைச் சோதித்து மருந்தின் அளவை முடிவு செய்ய வழியில்லை. யாராவது அப்படிச் சோதிப்பதாகச் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏற்பிகள் பழைய நிலைக்கு வர நாள் வேண்டும் என்பதால் படிப்படியாகத்தான் விட வேண்டும். மருத்துவர் பழைய அளவில் மறுபடி தொடங்கி, ஆத்தா நிதானமானபின், ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் குறைக்கச் சொல்லக்கூடும். உதாரணமாக, புரோப்ரனலால் வேளைக்கு 10 மி.கி. ஒரு வாரம், பிறகு தினம் ஒரு 10 மி.கி. ஒரு வாரம், பிறகு நிறுத்தம். குளோனாசெபாமுக்கு இன்னும் பொறுமை வேண்டும். 0.5-இலிருந்து ஒரேயடியாக 0.25-க்கு இறங்கினால் பாதி குறைந்துவிடும். பலருக்கு அது தாங்காது. 0.25 மாத்திரை முழுதாக ஒன்று, இன்னொன்றில் பாதி, ஆக 0.375 மி.கி. என்று இரண்டு முதல் நான்கு வாரம் இருந்துவிட்டு அடுத்த படி இறங்கலாம். நடுவில் கோடு உள்ள மாத்திரையாக வாங்குங்கள். வாயில் கரையும் வகை வெட்டும்போது நொறுங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது தவறு. ரத்தத்தில் மருந்து ஏறி இறங்கி, பதற்றத்தைத் தூண்டிவிடும்.

புரோப்ரனலால் கொடுக்கும் நாட்களில் காலையில் எழுந்ததும் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி எழுதி வையுங்கள். 55-க்குக் கீழே போனால் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். குன்றக்குடி மலைப்படி ஏறியபோது எண்ணிய கணக்கு இதற்கு உதவாது. ஓய்வில் எண்ணியதுதான் வேண்டும்.

ஆத்தாவுக்கு மூச்சிழுப்பு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. மூச்சுக்குழாயிலும் பீட்டா ஏற்பி இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்குப் புரோப்ரனலால் மூச்சை இறுக்கிவிடும், எனவே மறுபடி தொடங்கும் முன் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். திடீர் வியர்வையைத்தான் முக்கிய அடையாளமாகக் கவனிக்க வேண்டும்.

குறைக்கும் வாரங்களில் காபியையும் சேர்த்து அடியோடு நிறுத்திவிடாதீர்கள். காபி குடிப்பவர் மூளையில், தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்ற பொருளுக்கான ஏற்பிகள் பெருகியிருக்கும். சட்டென்று விட்டால் தலைவலியும் எரிச்சலும் வரும். எது மருந்தால், எது காபியால் என்று பிரிக்க முடியாமல் போகும். எப்போதும் குடிக்கும் டபராவைப் பாதியாக்கினால் போதும்.

குளோனாசெபாமை மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடையில் தரக்கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதியும் வைக்க வேண்டும். ஆகவே சீட்டு கையில் இருக்கட்டும், கடைசி அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். இரவில் மருத்துவர் கிடைக்காமல் பதற்றம் மிஞ்சினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம்.