உள் பரிசோதனையைக் கற்பது: ஒரு மாணவருக்குப் பதில்

அன்புள்ள மேடம்,

கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவன். மகளிர் ஓ.பி.யில், பெண்ணுறுப்பு வழியாகக் கருப்பை வாயைப் பார்க்கும் உள் பரிசோதனையின்போது ஆறேழு மாணவர்கள் சுற்றி நிற்கிறோம். ஆண் மாணவர்களைக் கண்டதும் பல பெண்கள் மறுத்துவிடுகிறார்கள். "கேட்டால்தானே மறுப்பார்கள், கேட்காமல் நின்றுகொள்" என்கிறார்கள் சீனியர்கள். பயிற்சிப் பொம்மையில் மட்டுமே செய்து பார்த்துவிட்டு நான் எப்படி மருத்துவனாவது?

அன்புடன்,
ஓர் இறுதியாண்டு மாணவன்

அன்புள்ள தம்பி,

உங்கள் சீனியர்கள் சொன்னதையே எனக்கும் சொன்னார்கள். நானும் அப்படியே நடந்தேன். நான் மாணவியாக இருந்தபோது, அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை, அவருக்குத் தெரியாமலேயே, நாங்கள் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகக் கையுறை மாட்டிக்கொண்டு பரிசோதித்தோம். மறுநாள் வார்டில் அவர் என்னைப் பார்த்து "சாப்டியாம்மா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கூச்சம் இன்றும் போகவில்லை. மாணவர்கள் பயிற்சிக்காக இப்படிப் பரிசோதிக்கும் முன் நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று அமெரிக்க அரசே 2024இல் மருத்துவமனைகளுக்கு வெளிப்படையாக அறிவுறுத்த வேண்டியிருந்தது என்றால், இந்தப் பழக்கம் எங்கெல்லாம் ஊறியிருந்தது என்று பாருங்கள்.

பொம்மையை இளப்பமாக எண்ணாதீர்கள். கருப்பை வாய் தெரியும்படி பெண்ணுறுப்பை விரித்துப் பிடிக்கும் ஈரலகுக் கருவியான ஸ்பெகுலத்தைப் பின்னோக்கிச் சாய்த்து நுழைப்பதும், மெல்லத் திறப்பதும், வெளியே எடுக்கும்போது கருப்பை வாயைத் தாண்டிய பிறகே அலகுகளை மூடுவதும் கைக்குப் பழக வேண்டியவை. அந்தப் பழக்கம் வரும்வரை ஒரு பெண்ணின் வலியில் அதைக் கற்கக் கூடாது. பொம்மையால் கற்றுத்தர முடியாதது ஒன்று உண்டு. வலித்தால் வாய் திறந்து சொல்லாத பெண்ணின் கால்விரல்கள் உள்ளே மடங்கும், கை மேசை விளிம்பை இறுகப் பற்றும். ஸ்பெகுலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் இதைக் காண மாட்டார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1970களில், பயிற்சி பெற்ற பெண்களே தம் உடலைப் பரிசோதிக்க அனுமதித்து, "இங்கே வலிக்கிறது, அழுத்தத்தைக் குறையுங்கள்" என்று மாணவர்களுக்குச் சொல்லித் தரும் முறையை வளர்த்தார்கள். நம் கல்லூரிகளில் அது வேரூன்றவில்லை. ஆகவே நோயாளியிடமே கேட்டுக் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

எனவே கூட்டமாக நிற்காதீர்கள். உங்களில் ஒருவர் மட்டும், நோயாளி உடை மாற்றும் முன்பே சென்று, உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, மாணவன் என்பதையும் சொல்லி, எதற்காக இந்தச் சோதனை, எவ்வளவு நேரம் ஆகும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதை விளக்கி அனுமதி கேளுங்கள். மறுத்தால் சிகிச்சையில் எதுவும் குறையாது என்பதையும் சொல்ல வேண்டும். சம்மதித்தால், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பெண் உதவியாளர் ஒருவர் உடனிருக்கட்டும். தேவையான இடம் தவிர மற்றதைத் துணியால் மூடுங்கள். ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொடுதலுக்கு முன்பும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். பாப் ஸ்மியர், அதாவது புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கக் கருப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுக்கும் சோதனை, எடுப்பதானால் விரலால் பரிசோதிக்கும் முன்பே எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்த உடனே, அது காய்வதற்குள், ஆல்கஹாலில் இடுங்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் வியா (VIA) சோதனை இன்னும் எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெளுக்கும் பகுதி உண்டா என்று வெறும் கண்ணால் பார்ப்பதுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை செய்த இந்தச் சோதனையும் அதைத் தொடர்ந்த சிகிச்சையும் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மறுக்கும் பெண்ணின் மேல் உங்களுக்கு வருத்தம் வரும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்: இன்று இந்த மேசையில் அவமானப்பட்டவர் அடுத்த முறை வர மாட்டார், தன் மகளையும் அனுப்ப மாட்டார்.

ஆண் என்பதால் மறுக்கிறவர்களிடம் வாதாடாதீர்கள். அறையை விட்டு வெளியே வந்து, சோதனை முடிந்தபின் அவர் சம்மதித்தால், முடிவு வரும் நாளையும் மீண்டும் வர வேண்டிய இடத்தையும் அவருக்கு விளக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.