வாகனோவா பாலே பள்ளியில் சேர ஒரு குழந்தை எத்தனை வருடம் முன்பயிற்சி எடுத்திருக்க வேண்டும்?

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருக்கும் அந்தப் பள்ளியில் ஒன்பது வயது மகளைச் சேர்க்க நினைத்துக் கேட்கிறீர்கள். வருடக் கணக்கெல்லாம் கிடையாது. ஆடவே தெரியாத பிள்ளையை எடுத்துக்கொண்டதும் உண்டு, நாலு வருடம் வகுப்புக்குப் போன பிள்ளையை தேர்வின் முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பியதும் உண்டு. அந்த முதல் சுற்றில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. உடம்பை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

யாராவது வந்து "நீங்க என்ன பாலே டீச்சரா?" என்று கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இல்லை. எனக்குக் கும்மிகூட ஒழுங்காக வராது. பீட்டர்ஸ்பர்க்கில் ஆறு வருடம் மருத்துவம் படித்தேன். மூன்றாம் வருடம் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்து, ஃபன்டான்கா ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். பாட்டி, அவர் மகள், ஒன்பதரை வயதுப் பேத்தி, அப்புறம் நான். நான் கொடுத்த வாடகை அப்படியே பேத்தியின் பயிற்சி டீச்சருக்குப் போனது. அந்தப் பிள்ளை வாகனோவாவுக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தாள். இது 2004 கதை. இப்போதைய தேதி, கட்டணம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான விதி எல்லாவற்றையும் பள்ளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

மகளுக்கு ஒன்பது வயது என்கிறீர்கள். பரதம் கற்றுக்கொள்கிறாள் என்று நானாக ஊகித்துக்கொள்கிறேன். அரைமண்டி நன்றாக உட்காருகிறாளே, பாலேயும் வந்துவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. இரண்டிலும் கால் இடுப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். ஆனால் நம் ஆட்டத்தில் பாதம் தரையைத் தட்டுகிறது, அங்கே தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கிறது. அங்கே கேட்கும் திருப்பமும் வேறு. இரண்டு குதிகாலும் ஒட்டி, விரல்கள் ஆளுக்கொரு திசை பார்க்க, பாதங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அது வைராக்கியத்தால் வருவதில்லை. தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் இருக்கிறது, இடுப்பில் அது உட்காரும் கிண்ணம் எவ்வளவு ஆழம், இவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. தசைநாரைக் கொஞ்சம் இளக்கலாம். எலும்பை என்ன செய்வீர்கள்? இடுப்பில் இல்லாத திருப்பத்தை முழங்காலில் திருகி வாங்கினால் பதினைந்து வயதில் முழங்கால் போய்விடும்.

முதல் சுற்றில் உள்ளாடையோடு நிற்க வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கழுத்து, கை, கால் நீளத்தின் விகிதம், முதுகு எவ்வளவு பின்னால் வளைகிறது, காலைப் பிடித்துத் தூக்கினால் எதுவரை போகிறது, பாதத்தின் மேல்வளைவு எப்படி, துள்ளினால் உடம்பு எழும்புகிறதா. இரண்டாவது, மருத்துவச் சுற்று. மூன்றாவதில்தான் தாளம், இசைக் காது, ஒரு சின்ன ஆட்டம். அதாவது நீங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுக்கப் போவது எதுவோ, அது கடைசியில்தான் வருகிறது.

பாட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி. சமையலறையில் பீட்ரூட் நறுக்கிக்கொண்டே பள்ளியின் கதையை 1738-இல் ஆரம்பிப்பார். ரஷ்ய ராணி அன்னா ஆணை போட்டது, லாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் குளிர்கால அரண்மனையில் வகுப்பு ஆரம்பித்தது, முதல் மாணவர்கள் அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள், பன்னிரண்டு பையன், பன்னிரண்டு பெண். "வேலைக்காரர் பிள்ளைகள்!" என்று கத்தியை நீட்டி என்னிடம் சொல்வார். அந்தப் பாட்டி ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அந்த ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டுதான் மொத்த வீடும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைப் பள்ளி இருக்கும் ரோஸ்ஸி தெருவுக்கு நடத்திக் கூட்டிப்போவார். ஒருமுறை நானும் போனேன். தெரு 220 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம், இரண்டு பக்கக் கட்டடங்களும் 22 மீட்டர் உயரம். ஒரு மஞ்சள் சுவர்தான் பள்ளி. ஜன்னல் வழியே பியானோ கேட்டது. உள்ளே ஒவ்வொரு வகுப்புக்கும் ஆள் உட்கார்ந்து வாசிக்கிறார், ஒலிநாடா கிடையாது. தரை மேடையைப் போலவே சாய்வாகப் போட்டிருக்கும், வழுக்காமல் இருக்கப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள் என்று பாட்டி சொன்னார். நம் ஊரில் வாசல் தெளிப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

வீட்டில் பிள்ளை டிவி பார்ப்பதே ஒரு தினுசு. தரையில் குப்புறப் படுத்து, இரண்டு உள்ளங்காலையும் சேர்த்து, முழங்கால்களை அகட்டி, தவளை மாதிரி. இடுப்பு தரையைத் தொடவில்லை என்றால் பாட்டி போகிற போக்கில் ஒரு தலையணையை மேலே போட்டுவிட்டுப் போவார். அவள் கார்ட்டூனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையணையைச் சுமப்பாள்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தேர்வு ஜூனில். ஏப்ரலில் ஒரு ராத்திரி பாட்டி என்னைக் கூப்பிட்டு, "நீ டாக்டருக்குத்தானே படிக்கிறாய், இவள் முதுகைப் பாரேன்" என்றார். பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு, கைகளைச் சேர்த்துக் கீழே தொங்கவிட்டுக் குனிந்தாள். பின்னாலிருந்து பார்த்தேன். வலது பக்கம் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, விலா ஒரு விரல்கடை மேடாக இருந்தது. இடது பக்கம் இல்லை. நான் விரலை அந்த மேட்டில் வைத்தேன். ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது பற்றிய பாடம் நடத்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்குத் தெரியாமல் இல்லை. பாட்டி கையைத் துடைத்தபடி கதவோரம் நின்றார். நான் நிமிர்ந்து, "நர்மால்னா" என்றேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரஷ்யர்கள் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற சொல்.

ஏன் சொன்னேன்? மூன்றாம் வருடம் படிக்கிறவள், தப்பாக இருந்தால்? இரண்டு வருடமாகத் தயாராகிறார்கள், என் வாயாலா உடைய வேண்டும்? இப்படி நிறைய வைத்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் நிஜம். அந்த அறையின் வாடகை குறைவு, பாட்டி எனக்கும் சேர்த்து சூப் வைப்பார்.

முதல் சுற்றில் பெயர் வந்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள். மருத்துவச் சுற்றில் முதுகைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். அவர்கள் செய்தது சரி. தினமும் பல மணி நேரம், எட்டு வருடம், வளரும் வயதில் அந்த முதுகோடு ஆடியிருந்தால் கஷ்டம் அவளுக்குத்தான்.

வெள்ளை ராத்திரிக் காலம், பதினோரு மணிக்கும் வெளிச்சம். பிள்ளை பழக்க தோஷத்தில் தவளை மாதிரியே படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரிய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவையே முதல்முறை வந்தபோது சேர்த்துக்கொள்ளவில்லை, பத்து வயதில்தான் எடுத்தார்கள்" என்று என்னவோ ஆறுதல் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்காமல், "அந்த டாக்டரும் நீ விரல் வைத்த இடத்திலேயேதான் வைத்தார், தியோத்யா" என்றாள். தியோத்யா என்றால் அத்தை. பாட்டி அடுப்படியில்தான் இருந்தார். காதில் விழுந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை, மறுநாளும் சூப் வைத்தார். ஆகஸ்டில் நான் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

இதைப் படித்துவிட்டு "ரஷ்யாவில் படித்த டாக்டர் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் திரும்பிய நாளிலிருந்து கேட்கிறேன். "காசு கொடுத்து வாங்கிய சர்டிபிகேட்டா?" கல்யாண வீட்டில் பந்தியில் வைத்துக் கேட்கிறார்கள். ஒரு மருத்துவமனை இன்டர்வியூவில் "அங்கே பனியில் சறுக்கத்தானே போனீங்க?" என்றார் ஒருவர், சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே தேர்வு எப்படி என்று அவர்களுக்குத் தெரியுமா? மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை உருவி, அதில் உள்ள கேள்விகளுக்குப் பேராசிரியர் முகத்தைப் பார்த்து ரஷ்ய மொழியில் வாயால் பதில் சொல்ல வேண்டும். திரும்பி வந்தபின் இங்கே தகுதித் தேர்வும் எழுதித்தான் பதிவு வாங்கினேன். இரண்டாவது முறை பாஸ் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் அன்று பொய் சொன்னதற்கும் படித்த ஊருக்கும் சம்பந்தமில்லை. எனக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சரி, உங்கள் மகள். சேர்ந்துவிட்டால் பத்து வயதிலிருந்து சுமார் எட்டு வருடம். பள்ளிப் பாடம், பியானோ, பிரெஞ்சு எல்லாம் கூடவே நடக்கும். டிசம்பரில் மரின்ஸ்கி என்ற பெரிய அரங்கின் மேடையில் நட்கிராக்கர் என்ற பாலே ஆடுவார்கள். வருடா வருடம் தேர்வு உண்டு, உடம்பு மாறினால் பாதியிலும் அனுப்புவார்கள். எடையும் பார்ப்பார்கள். புகழ்பெற்ற பாலே ஆட்டக்காரர் நூரெயெவ் பதினேழு வயதில் போய்ச் சேரவில்லையா என்று பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். அவர் நூரெயெவ். அந்தப் பள்ளிக்குப் பெயர் கொடுத்த அக்ரிப்பினா வாகனோவாவுக்கே பாலெரினா (முதன்மை ஆட்டக்காரி) பட்டம் 1915-இல்தான் கிடைத்தது, அடுத்த வருடமே மேடையை விட்டு விலகிவிட்டார். அவர் பெயர் நின்றது ஆசிரியராக. ருக்மிணி தேவியும் பாலே கற்றுக்கொண்டவர்தான், உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டதே பாவ்லோவாதான். இதை உங்கள் பரத டீச்சரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

விமான டிக்கெட், ரஷ்ய டியூஷன், பதினொரு வயதுக்கு முன்பே விரல் நுனியில் நிற்கப் போடும் பாயிண்ட் ஷூ (தயவுசெய்து வேண்டாம்), இதெல்லாம் யோசிப்பதற்கு முன் நல்ல எலும்பு மருத்துவர் ஒருவரிடம் இடுப்பையும் முதுகையும் காட்டுங்கள். அதற்கும் முன்னால் வீட்டிலேயே, பகல் வெளிச்சத்தில், சட்டையைக் கழற்றிவிட்டுக் கைகளைச் சேர்த்துக் குனியச் சொல்லி, பின்னாலிருந்து நீங்களே பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவளிடமும்.