தீர்ப்பு நாளில் நான் வாய் திறக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. என் கணவரின் பெரியப்பா மகன் அவளிடம் தவறாக நடந்துகொண்ட வழக்கு மதுரை போக்சோ கோர்ட்டில் நடக்கிறது. கடுமையான பாலியல் தாக்குதலுக்கான ஆறாவது பிரிவு போட்டிருக்கிறார்கள். சாட்சியெல்லாம் முடிந்து தீர்ப்புக்கு வாய்தா போட்டாயிற்று. பாப்பா சாட்சி சொன்னபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கேட்டதற்கெல்லாம் ஒரே குரலில் பதில் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் வாதத்தில், "நிஜமாகவே நடந்திருந்தால் ஒரு பிள்ளை இப்படிக் கல்லு மாதிரி பேசுமா?" என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தீர்ப்பு அன்று எழுந்து நின்று எங்கள் வீடு என்ன கதியானது என்று நீதிபதியிடம் கொட்டிவிட வேண்டும் போல இருக்கிறது. எங்கள் அரசுத் தரப்பு வக்கீல் பி.பி. சார், "கோர்ட்டில் உணர்ச்சிக்கு இடம் இல்லைம்மா, ஆவணம்தான் பேசும்" என்கிறார். ஆனால் அந்த ஆளின் அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து வராண்டாவில் அழுகிறார். என் மாமியாரும், "பிள்ளை குட்டிக்காரன், பேசி முடிச்சிருக்கலாம்" என்கிறார். அவர்கள் அழலாம், நான் மட்டும் அழக் கூடாதா?

– பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஊரையும் பாப்பாவின் பள்ளியையும் எடுத்துவிட்டேன். வேறு சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கைப் பற்றி யாராவது எழுதினால் அதையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பேசலாம். பேச வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் எப்போது, எதைப் பற்றி, எந்த வழியில் என்பதில் பி.பி. சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

முதலில் பாப்பா அழாததைப் பற்றி. உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. பெரிய அதிர்ச்சியைத் தாண்டி வந்த பிள்ளைகளில் சிலர் ஓயாமல் அழுவார்கள். சிலர் சிரிக்கக்கூடச் செய்வார்கள். இன்னும் சிலர், தங்களுக்கு நடந்ததை வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்வார்கள். அந்தத் தட்டையான குரலை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளையால் அன்றைய பொழுதைக் கடக்க முடிகிறது. மனநல மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம் இது. அதைப் போய்ப் பொய்யின் அடையாளம் என்று வாதாடுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அப்படியானால் பாதிக்கப்பட்ட பிள்ளை கோர்ட்டில் வந்து நடித்துக் காட்ட வேண்டுமா? அளவோடு அழுதால் நம்புவோம், அழாவிட்டால் கல்நெஞ்சு, அதிகமாக அழுதால் சொல்லிக் கொடுத்து அழைத்து வந்தது என்று ஆகிவிடும். எந்தப் பிள்ளையாலும் இந்தத் தேர்வில் தேற முடியாது.

சட்டம் இதைக் கொஞ்சமாவது யோசித்திருக்கிறது. போக்சோ 33-வது பிரிவின்படி, வக்கீல்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்பார். குழந்தையை மிரட்டும் கேள்விகளையும் அவள் குணத்தைக் கெடுத்துப் பேசுவதையும் நீதிபதி அனுமதிக்கக் கூடாது. 2021 மார்ச்சில் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. நல்ல பெண் இப்படித்தான் இருப்பாள், பாதிக்கப்பட்டவள் இப்படித்தான் நடந்துகொள்வாள் என்ற முன்முடிவுகள் நீதிபதியின் வாயிலும் வரக் கூடாது, உத்தரவிலும் வரக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே அந்த வக்கீல் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை பாப்பாவுடையது அல்ல. அரசுத் தரப்பு எழுத்துப்பூர்வ வாதம் கொடுக்க இன்னும் வாய்ப்பிருந்தால் இந்தத் தீர்ப்பை அதில் சேர்க்கச் சொல்லி பி.பி.யிடம் கேளுங்கள்.

இப்போது பி.பி. சொன்னது. குற்றம் நடந்ததா, செய்தது இந்த ஆள்தானா என்று நீதிபதி முடிவு செய்யும்வரை, உங்கள் கண்ணீரோ ஊரின் கோபமோ தராசில் ஏறக் கூடாது. இதில் நான் அவர் பக்கம். 2017-ல் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடே கொதித்தது. ஓராண்டிலேயே, 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்தது. அந்தப் பெற்றோரின் நிலையை நினைத்தால் மனம் ஆறவில்லை. எவ்வளவு கொதித்தாலும் ஆதாரத்தில் இருக்கும் ஓட்டையை அது அடைக்காது. உங்கள் வழக்கிலும் தீர்ப்பு எதுவானாலும் அப்பீல் ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் ஐகோர்ட் கிளைக்குப் போகும். அங்கே இருக்கும் நீதிபதிகள் நீங்கள் அழுததைப் பார்க்கப் போவதில்லை, கட்டுக் காகிதத்தைத்தான் படிப்பார்கள்.

ஆனால் குற்றவாளி என்று சொன்ன அடுத்த நிமிடத்திலிருந்து நிலைமை வேறு. அங்கேதான் பி.பி. சொன்னதை நான் ஏற்கவில்லை.

நம் ஊர் கோர்ட்டில் அது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். "நீ குற்றவாளி என்று முடிவு செய்திருக்கிறேன், தண்டனை குறித்து என்ன சொல்கிறாய்?" என்று நீதிபதி அந்த ஆளைக் கேட்டாக வேண்டும். சட்டம் அப்படிக் கேட்கச் சொல்கிறது, அது நியாயமும்கூட. அவர் வயதான அம்மா இருக்கிறார், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சம்பாதிப்பது நான் ஒருவன்தான் என்று சொல்வார். வராண்டாவில் அந்த அம்மா அழுவதெல்லாம் இந்த வழியாக முறைப்படி தீர்ப்புக்குள் பதிவாகிவிடும். உங்களையோ பாப்பாவையோ அதேபோல் கேட்டாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஒரு தரப்பின் துயரம் மட்டும் காகிதத்தில் ஏறுகிறது. உங்கள் கேள்வியின் கடைசி வரி இதைத்தான் கேட்கிறது, அது சரியான கேள்வி.

உச்ச நீதிமன்றமும் இதை யோசித்திருக்கிறது. 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில், தண்டனையைத் தீர்மானிக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த பாதிப்பு பற்றிய அறிக்கைக்கு இடம் வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். இன்னும் அது கட்டாயமாகவில்லை. ஆனால் கொடுக்கத் தடை எதுவும் இல்லை.

அமெரிக்காவில் இது பல ஆண்டு வழக்கம். 2018 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தில், ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளைச் சீரழித்த லாரி நாசர் என்ற மருத்துவருக்குத் தண்டனை சொல்வதற்கு முன்னால், 7 நாட்கள் 156 பேருடைய வாக்குமூலம் வாசிக்கப்பட்டது. பல வருடம் யாருமே காது கொடுக்காத பெண்கள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கடைசியில் நீதிபதி, சிறைத் தண்டனை விதித்துவிட்டு, உன் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அவனிடம் சொன்னார். அப்பீலில் அவன் வக்கீல்கள் பிடித்துக்கொண்டது நீதிபதியின் பேச்சைத்தான். 2022-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அப்பீலை ஏற்கவில்லை என்றாலும், நீதிபதி பேசிய விதம் கவலை தருவதாகப் பதிவு செய்தது. பெண்கள் எவ்வளவு அழுதும் வழக்குக்குக் கெடுதல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நீதிபதிக்கு மனம் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாச்சாத்தி மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, 2023 மார்ச்சில் அந்த மலைக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். 1992-ல் அங்கே அதிகாரிகளால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அந்தச் செப்டம்பரில் உத்தரவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் அவர்கள். நீதிபதியிடம் நாம் கேட்க வேண்டிய மனம் அதுதான்.

உங்கள் மாமியார் பேச்சுக்கும் வருகிறேன். பேசி முடித்திருக்கலாம் என்பதும் உணர்ச்சிதான், குடும்பப் பாசம் என்ற பெயரில் வருகிறது. இது கோர்ட்டுக்குள்ளேயே வந்த காலம் உண்டு. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே, ஒரு சிறுமியைக் கெடுத்துத் தண்டனை பெற்றவருக்குச் சமரசம் பேசுவதற்காக ஜாமீன் கொடுத்தார்கள். அந்தப் பெண் சமரசத்துக்கு ஒப்பவில்லை. இந்தக் குற்றத்தில் சமரசம் என்ற நினைப்புக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்ன பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உங்கள் வழக்கில் ஆறாவது பிரிவில் குற்றவாளி என்று முடிவானால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 20 ஆண்டு. யார் அழுதாலும் நீதிபதியால் அதற்குக் கீழே இறங்க முடியாது. இதை மாமியாரிடம் ஒரு தடவை அமைதியாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஆளின் அம்மா அழுவது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அவரை நீங்கள் வெறுக்கவும் வேண்டாம். ஆனால் அதற்குப் பொறுப்பு அவர் மகன், உங்கள் மகள் இல்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. பெரும்பாலும் குற்றவாளி என்ற முடிவும் தண்டனையும் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் வந்துவிடும். அன்று யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தால் வாய்ப்பு போய்விடும். பாப்பாவுக்கு நேர்ந்த பாதிப்பு பற்றிய அறிக்கையை இப்போதே எழுதி வையுங்கள். போக்சோ 40-வது பிரிவின்படி உங்கள் குடும்பம் சொந்தமாக வக்கீல் வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லாவிட்டால் மதுரை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அவர்கள் ஒருவரைத் தர வேண்டும். அந்த வக்கீல் மூலமாகவோ பி.பி. மூலமாகவோ, தண்டனை குறித்துக் கேட்கும்போது இந்த அறிக்கையைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். படித்துக் காட்ட அனுமதியும் கேட்கலாம், அது நீதிபதியின் விருப்பம்.

அந்த ஆளைப் பற்றி அதில் ஒரு வரிகூட வேண்டாம். நாசமாய்ப் போவான் என்ற வார்த்தை வீட்டோடு இருக்கட்டும். பாப்பாவைப் பற்றி எழுதுங்கள். எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போனீர்கள், எவ்வளவு செலவு, வீடு மாறினீர்களா, யாருடைய கூலி நின்றது, ராத்திரியில் எழுந்து உட்காருகிறாளா, ஆண் வாத்தியார் இருக்கும் வகுப்பில் உட்கார முடிகிறதா. இழப்பீட்டைக் கணக்கிடும்போது நீதிபதி பார்க்க வேண்டியவை என்று 2020 போக்சோ விதிகள் சொல்வதில் சிகிச்சைச் செலவு, மன பாதிப்பு, படிப்பு இழப்பு, வேலை இழப்பு எல்லாம் இருக்கின்றன. மருத்துவச் சீட்டு, பள்ளி வருகைப் பதிவு, ஆலோசகரின் கடிதம் இருந்தால் சேருங்கள். பி.பி. கேட்ட ஆவணமும் உங்கள் மனசும் ஒரே காகிதத்தில் வந்துவிடும். கோர்ட் இழப்பீடு உத்தரவிட்டால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு அதைக் கொடுக்க வேண்டும். படிக்கும்போது குரல் உடைந்து அழுதுவிட்டால் அழுதுவிடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

பாப்பாவைத் தீர்ப்பு நாளில் கூட்டிப் போக வேண்டியதில்லை. அவள் சாட்சி முடிந்துவிட்டது, மறுபடி மறுபடி அவளைக் கோர்ட்டுக்கு அழைக்கக் கூடாது என்பதும் அதே 33-வது பிரிவில்தான் இருக்கிறது. அறிக்கையில் தானும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஒரு முறை கேளுங்கள். சொன்னால் அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

தீர்ப்பு வந்த பிறகு ஒரு விஷயம். விடுதலை ஆனாலோ, சின்னக் குற்றத்துக்கு மட்டும் தண்டித்தாலோ, இழப்பீடு குறைவாக இருந்தாலோ நீங்களே அப்பீல் போகலாம். தண்டனைக் காலம் போதாது என்று தோன்றினால் அரசுதான் போக முடியும். அதற்கு பி.பி. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ப்பு நகலுக்கும் அன்றே விண்ணப்பியுங்கள்.