ரூட் கேனால் முடிந்தும் கன்னம் வீங்கினால்

தம்பி, ரூட் கேனால் (பல்லின் உள்ளே நரம்பை எடுத்துச் சுத்தம் செய்யும் சிகிச்சை) செய்த இரண்டாம் நாளே கன்னம் வீங்கிவிட்டது, ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக்கைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். சிகிச்சை செய்த கிளினிக்குக்கு உடனே போன் பண்ணுங்கள்.

நான் இங்கே வந்த புதிதில் எனக்கும் இப்படி ஆனது. லீவு கேட்கத் தயக்கம், போனில் இந்த ஊர்க்காரர்கள் மொழியில் பேசப் பயம். மூன்று நாள் பொறுத்துக்கொண்டேன். அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்பதுபோல் இருந்தது, வாயை மூடினாலே உயிர் போயிற்று. கடைசியில் போனபோது டாக்டர் ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, தற்காலிக அடைப்பில் மை பட்ட இடத்தை லேசாக ராவிவிட்டார். பாதி வலி அங்கேயே குறைந்தது. அப்புறம் பல்லைத் திறந்து உள்ளே கழுவினார். முதல் நாளே போயிருக்கலாம்.

நரம்பை எடுத்த பல் எப்படி வலிக்கும் என்று தோன்றும். வலிப்பது பல் அல்ல, வேரைச் சுற்றியிருக்கும் திசு. சுத்தம் செய்யும்போது உள்ளிருந்த கிருமியும் கழிவும் கொஞ்சம் வேர் நுனியைத் தாண்டிப் போனால் அங்கே அழற்சி கிளம்பும். ஏற்கெனவே வலியோடு போன பல்லில் இதற்கு வாய்ப்பு அதிகம். சிகிச்சை வீணாகிவிட்டது என்று நினைத்து மனம் உடைய வேண்டாம்.

ஆன்டிபயாட்டிக் இந்த வலியைக் குறைக்காது. காய்ச்சல் இருந்தாலோ வீக்கம் பரவினாலோ டாக்டரே எழுதித் தருவார். வலிக்கு இபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்துப் போடுவது நன்றாகக் கேட்கும். ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, டாக்டரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் வேண்டாம். கன்னத்தின் வெளியே துணி சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வையுங்கள். இரவில் தலையை உயர்த்திப் படுங்கள்.

போனில் தடுமாறாமலிருக்க ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பல், என்றைக்குச் செய்தது, வீக்கம் எப்போது தொடங்கியது, கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, என்ன மாத்திரை போட்டீர்கள். ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் வரச் சொல்லலாம். ‘வீக்கம் கூடிக்கொண்டே போகிறது’ என்று சொல்லுங்கள்.

வீக்கம் தாடைக்கு அடியிலோ கண்ணை நோக்கியோ போனாலும், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலும், கிளினிக்குக்குக் காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.