கொழும்புக் கோட்டில் திரும்பச் சாட்சி சொல்லலாமா?

நெடுங்கேணியில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். 1997இல் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை நேரம் ஊரை விட்டுப் புதுக்குடியிருப்புக்குப் போனவர்கள், மாத்தளன் வரை ஓடி, முகாமில் இருந்து, 2011இல்தான் திரும்பி வந்தார்கள். அவர்களுடைய உறுதிக் காணியை (உரிமைப் பத்திரம் உள்ள காணி) 2000ஆம் ஆண்டில் இருந்து வேறொருவர் பயிர் செய்து ஆண்டுகொண்டிருந்தார். அம்மா 2017இல் வழக்குப் போட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். மாகாண மேல் நீதிமன்றம் அதை மாற்றி, பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி ஆண்டவருக்கே காணி என்று தீர்த்துவிட்டது.

"கொழும்புப் பெரிய கோட்டில் என்ரை வாயாலை சொல்ல விட்டால் போதும். அந்த மனுசன்ரை சாட்சி சொன்னது முழுப் பொய். மனித உரிமை வழக்குப் போடச் சொல்லியும் ஊரிலை சொல்லினம்."

அம்மா, முதலில் மனதுக்குக் கஷ்டமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் பெரிய கோடு, அதாவது நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில், நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறப்போவதில்லை. அங்கே வழமையாகப் புதிதாகச் சாட்சி எடுப்பதில்லை, கீழ் நீதிமன்றங்களில் பதிவான வழக்கேட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். அந்தக் கதவும் தானாகத் திறக்காது. மேன்முறையீடு செய்ய முதலில் அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதி மனுவில் நீதியரசர்கள் யார் பொய் சொன்னது என்று தேடுவதில்லை. முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இதில் இருக்கிறதா, உயர் நீதிமன்றம் மீளாய்வு செய்யத் தகுந்த விடயமா என்றுதான் பார்ப்பார்கள். சாட்சி பொய் என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போனால், அநேகமாக முதல் நாளே மனு தள்ளுபடியாகும். அப்படித் திரும்பி வந்த எத்தனையோ பேரின் முகம் எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் தீர்ப்பை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் எழுதாத ஒரு விடயம் அதில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், யுத்தத்தால் நீதிமன்றம் வர முடியாமல் போனவர்களுக்காக வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது என்கிறது. அதன் பயனை எடுக்க இரண்டு வருட அவகாசமே தரப்பட்டது. நீங்கள் 2017இல் போட்டது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. மேல் நீதிமன்றம் 2000 முதல் 2017 வரை பதினேழு வருடம் எண்ணியது. அதில் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்தால் மிஞ்சுவது எட்டு வருடம். பத்து வரவில்லை. மாவட்ட நீதிபதி இந்தச் சட்டத்தை வைத்தே உங்களுக்குத் தீர்த்தார். மேல் நீதிமன்றத் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதுதான் உங்கள் சட்டப் பிரச்சினை. வன்னியில் இதே கணக்கில் மாட்டியிருக்கும் மற்றவர்களுக்கும் இதன் விடை தேவை. மனுவின் முதற் கேள்வியாக இது நிற்கட்டும். பொய்ச் சாட்சியைப் பற்றிய கோபத்தைக் கீழே இறக்கிவிடுங்கள்.

மனுவைத் தாக்கல் செய்யக் காலம் ஆறு கிழமை, அதாவது 42 நாள். பிரதி கையில் கிடைத்த நாளில் இருந்து அல்ல, தீர்ப்புச் சொன்ன நாளில் இருந்து. நீங்கள் கடிதம் எழுதும்போதே பதினொரு நாள் போய்விட்டது. உறுதிப்படுத்திய பிரதி வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். காரணத்தைக் காட்டி, பின்னர் சமர்ப்பிக்க அனுமதி கேட்டு மனுவைத் தாக்கல் செய்யலாம். தமிழ் வழக்கேட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் நாள் பிடிக்கும்.

இன்னொன்று, சின்ன விடயம்போலத் தெரியும். எதிராளிக்கு அறிவித்தல் பதிவுத் தபாலில் போக, முத்திரை ஒட்டி முகவரி எழுதிய கடித உறைகளையும் மனுவோடு கொடுக்க வேண்டும். அறிவித்தல் ஒழுங்காகப் போகாததாலேயே நல்ல மனுக்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் முகவரிகள் மாறிக் கிடக்கின்றன. எதிராளியின் இப்போதைய முகவரியைக் கிராம அலுவலரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

அனுமதி கிடைத்தால் வழக்கு மூன்று நீதியரசர்களுக்குக் குறையாத அமர்வில் விவாதத்துக்கு வரும். வருடக்கணக்கில் இழுபடலாம். ஆகவே அதுவரை காணியை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்ற இடைக்காலக் கட்டளையையும் அதே மனுவில் கேளுங்கள்.

மனித உரிமை வழக்கு உங்களுக்குப் பொருந்தாது. அது அரசின் நிருவாகச் செயலுக்கு எதிரானது, அதற்குக் காலம் ஒரு மாதம். உங்கள் எதிராளி தனியாள்.

செலவுக்குப் பயந்து நிற்காதீர்கள். வவுனியாவில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. இரண்டு தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு இந்தத் திங்களே போங்கள். நீங்கள் அனுப்பிய உறுதிப் பிரதியில் வடக்கெல்லை எழுதிய இடத்தைத் தண்ணீர் ஊறி அழித்திருப்பது தெரிகிறது. மாத்தளன் வரை கொண்டு திரிந்த அந்த மூல உறுதியை இனிப் பஸ்ஸில் கொண்டு அலைய வேண்டாம். வழக்கேட்டில் அடையாளமிட்ட பிரதியே போதும்.