வந்தவர் விடைபெற நினைத்தபோது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 57 வயதாகிறது. திருச்சியில் வசிக்கிறேன். வங்கி ஒன்றில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பணியாற்றி, கிளை மேலாளராக இருந்தபோது விருப்ப ஓய்வு பெற்றேன். பயிர்க்கடன் கேட்டு வரும் விவசாயி, மகளின் கல்விக்கடனுக்காக வரும் தாய், கடையை நடத்த முடியாமல் தவிக்கும் வியாபாரி என்று என் அறை வாசலில் எப்போதும் யாராவது காத்திருப்பார்கள். கடனைவிட அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் பேசுவார்கள். அதையே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்று எண்ணி, ஓய்வுக்குப் பிறகு 'லைஃப் கோச்' (வாழ்க்கைப் பயிற்சியாளர்) ஆவதற்கான பயிற்சி பெற்றேன். சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பின் முதல்நிலைச் சான்றிதழுக்குத் தேவையான 60 மணி நேரப் பாடம், 100 மணி நேர அனுபவம் எல்லாவற்றையும் முறையாக முடித்தேன்.

ஆனால் இந்தத் தொழிலை யாரும் தொழிலாகவே மதிப்பதில்லை. என் மனைவியின் தம்பி, வீட்டில் விசேஷம் என்று பத்துப் பேர் கூடிவிட்டால், "அத்தான் பேசுறதுக்கே காசு வாங்குறாரு" என்பார். நண்பர்கள் தொலைபேசியில் ஒரு மணி நேரம் குறைகளைக் கொட்டுவார்கள். கட்டணம் என்று ஒன்று இருப்பது அவர்கள் நினைவுக்கு வருவதேயில்லை. பயிற்சி நிறுவனமோ, அடுத்த நிலைக்கு 125 மணி நேரப் பாடமும் 500 மணி நேர அனுபவமும் வேண்டும், அதற்கு இப்போதே பணம் கட்டுங்கள் என்று மாதந்தோறும் அழைக்கிறது.

இவையெல்லாம் பரவாயில்லை. என்னிடம் வந்தவர்கள் நடந்துகொள்ளும் விதம்தான் வலிக்கிறது. நிலைகுலைந்து வருவார்கள், பொறுமையாகக் கேட்டு, கேள்விகள் கேட்டு, அவர்களை நிற்க வைப்பேன். நின்றதும் போய்விடுவார்கள். வேலை கிடைத்தது என்று ஒரு குறுஞ்செய்தி கூட வராது. (எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. ஒரு இளைஞர், வேலை மாற்றம் தொடர்பாக ஐந்து மாதங்கள் வந்தவர், "இனி நானே பார்த்துக்கொள்கிறேன் சார், ரொம்ப நன்றி" என்று விடைபெறவே நேரில் வந்தார். அன்று நான் அவருடைய இறந்துபோன அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அதைப் பேச வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தவர், உடைந்து அழுதார். பிறகு மேலும் சில மாதங்கள் வந்தார். அன்று இரவு வெகு நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். அவர்களுக்கு நான் எவ்வளவு தேவைப்படுகிறேன் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.) மற்றபடி, நன்றி என்ற சொல்லையே மறந்துவிட்டார்கள். மைத்துனர் ஒருபுறம், நன்றி மறந்தவர்கள் மறுபுறம் என்றால் ஒரு மனிதன் எதற்காக இதைச் செய்ய வேண்டும்?

தன்னை மறந்து இன்னொருவருக்காக வாழும்போதுதான் வாழ்க்கைக்குப் பொருள் கிடைக்கிறது என்று விக்டர் ஃபிராங்கல் சொன்னதாகப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்தார்கள். நான் அப்படித்தானே வாழ்கிறேன்? பிறகு ஏன் மாலையில் அலுவலக அறையைப் பூட்டும்போது உள்ளே ஒன்றுமே இல்லாதது போலிருக்கிறது? இந்தத் தொழிலில் உண்மையிலேயே பொருள் இருக்கிறதா, அல்லது நான் ஏமாந்துவிட்டேனா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி

*

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் மைத்துனரின் பேச்சு உங்களைப் புண்படுத்துகிறது என்பது புரிகிறது. ஆனால் அவர் நாளையே திருந்தி உங்களைப் பாராட்டினாலும் மாலை நேரத்து வெறுமை அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். நண்பர்களிடம் கட்டணத்தைச் சொல்லிவிடலாம், அடுத்த பாடத்துக்கு இப்போது பணம் கட்டாமல் இருக்கலாம். இவை உங்களுக்கே தெரிந்தவை. நான் உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

விடைபெற வந்த அந்த இளைஞரிடம், அவர் பேச மறுத்திருந்த ஒன்றை நீங்கள் ஏன் அன்று கேட்டீர்கள்? ஐந்து மாதங்களாக அந்த எல்லையை மதித்த நீங்கள், அவர் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன நாளில் அதைத் தாண்டினீர்கள். அவர் அழுதார், நீங்கள் நிம்மதியாகத் தூங்கினீர்கள். இந்த இரண்டையும் அருகருகே எழுதியும், அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. உங்களை நல்ல மனிதர் என்று நம்புவதால்தான் இதை நேரடியாகச் சொல்கிறேன்: அந்த நாளில் அந்த இளைஞருக்கு நீங்கள் தேவைப்படவில்லை, உங்களுக்குத்தான் அவர் தேவைப்பட்டார்.

ஃபிராங்கலை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பிய அந்த வியன்னா மனநல மருத்துவர் சொன்னதன் சாரம் நீங்கள் எழுதியதுதான். ஆனால் 'தன்னை மறந்து' என்ற பகுதியை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்கள். பொருளை நேரடியாகத் துரத்திப் பிடிக்க முடியாது, ஒரு பணியிலோ ஒரு மனிதரிடமோ உண்மையிலேயே ஈடுபடும்போது அது தானாகக் கூடவே வரும் என்பது அவர் கருத்து. எதிரில் இருப்பவர் எனக்கு நன்றி சொல்கிறாரா, இன்னும் எத்தனை நாள் வருவார் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் அறையில் மறக்கப்படுவது எதிரில் இருப்பவர்தான்.

நீங்கள் இதில் தனியானவர் இல்லை. என் தொழிலிலும் இது உண்டு. மருத்துவர்கள், ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் எல்லோரிடமும் உண்டு. ஜெர்மன் உளப்பகுப்பாய்வாளர் வொல்ஃப்காங் ஷ்மிட்பாவர் 1977-இல் இதை 'உதவுபவர் நோய்க்குறி' என்று விவரித்தார். தன் சொந்தத் தேவையையும் பலவீனத்தையும் பார்க்க விரும்பாத மனிதர், எப்போதும் பலவீனமான ஒருவரின் அருகில் இருந்துகொண்டே அதைத் தவிர்த்துவிட முடிகிறது. உதவி பெறுபவர் பலமடைந்துவிட்டால் இவருக்கு இருப்பு கொள்ளாது. நன்றி மறந்தவர்கள் என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுவதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். அவர்கள் நன்றி மறந்தவர்களாக இருக்கலாம். ஆனால் உங்களை வாட்டுவது அவர்கள் போய்விட்டார்கள் என்பதே. நேரில் வந்து நன்றி சொன்ன ஒரே ஒருவரையும் நீங்கள் போகவிடவில்லையே!

உங்கள் தொழிலின் தொடக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன், அது உங்கள் கதைக்கு மிக அருகில் இருப்பதால். உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்த கூட்டமைப்பை 1995-இல் தொடங்கிய தாமஸ் லெனார்டு, அமெரிக்காவில் நிதி ஆலோசகராக இருந்தவர். பணத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேச விரும்பியதைப் பார்த்துத்தான் அவர் இந்தத் திசையில் திரும்பினார். அவர்கள் நோயாளிகள் அல்லர். வாழ்க்கையை ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்தவர்கள், அடுத்து என்ன என்று யோசிக்க ஒரு துணை தேடினார்கள். வந்தவரிடம் தனக்கான விடையைக் கண்டடையும் திறன் ஏற்கெனவே இருக்கிறது என்ற அடிப்படை நம்பிக்கையில்தான் இந்தத் தொழில் நிற்கிறது. அது கார்ல் ராஜர்ஸ் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே வலியுறுத்திய நம்பிக்கை. அப்படியானால், "இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்கியம்தான் உங்கள் பணி பலித்துவிட்டது என்பதற்கான சாட்சி. அதை நீங்கள் இழப்பாகக் கேட்டிருக்கிறீர்கள்.

வங்கியில் இந்தச் சிக்கல் உங்களுக்கு வெளியே தெரிந்திருக்காது. ஒருவருடைய கடன் முடிந்தால் இன்னொருவர் வாசலில் நிற்பார். அவரை அனுப்பிவைத்தது உங்கள் பதவி. அந்தக் கூட்டம் உங்களைத் தேடி வந்ததா, மேலாளரைத் தேடி வந்ததா என்று கேட்டுப் பார்க்க முப்பது ஆண்டுகளாக உங்களுக்கு அவசியமே ஏற்படவில்லை. விருப்ப ஓய்வு பெற்ற மறுநாள் வாசலில் யாரும் இல்லாதபோது அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். அதற்குள் நீங்கள் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டீர்கள். பதவி போனதன் துக்கம் உண்மையான துக்கம், அதை அனுபவிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதை ஆற்றும் பொறுப்பை, கட்டணம் செலுத்தி உங்களிடம் வருகிறவர்கள் மீது சுமத்தக் கூடாது.

தந்தையை இழந்த துக்கம் ஒரு லைஃப் கோச் தொட வேண்டிய இடமும் அல்ல. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் தொழிலுக்கு அப்படிப்பட்ட பதிவு எதுவும் இல்லை. எல்லையை நீங்களேதான் காக்க வேண்டியிருக்கிறது. ஆறாத துக்கம், தூக்கமின்மை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இவற்றில் எது தென்பட்டாலும் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம் என்பதையும் வருபவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இந்தத் தொழிலில் பொருள் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. நீங்கள் அதை ஏற்கெனவே ஒரு முறை செய்தும் இருக்கிறீர்கள்: குழம்பி வந்த ஓர் இளைஞர் ஐந்தே மாதங்களில் தன் காலில் நிற்கும் துணிவோடு உங்கள் முன் வந்து நின்றார், அதற்கு உங்கள் பொறுமையும் கேள்விகளும் காரணம். தொழிலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புதிதாக எவரையும் ஏற்றுக்கொள்வதற்கு முன், சில மாதங்கள் நீங்களே ஒரு ஆலோசகரிடம் போய் உட்காருங்கள். முறை கற்றுக்கொள்வதற்காக அல்ல, வாசலில் யாரும் இல்லாத நாட்களைப் பற்றிப் பேசுவதற்காக. பிறகு யாரை ஏற்றுக்கொண்டாலும், முதல் நாளிலேயே எத்தனை அமர்வுகள் என்பதையும் கடைசி அமர்வின் தேதியையும் இருவருமாகச் சேர்ந்து எழுதிவிடுங்கள். நீட்டிக்க வேண்டுமென்றால் அந்தக் கோரிக்கை அவரிடமிருந்து மட்டுமே வர வேண்டும்.

அந்த இளைஞர் இப்போதும் வந்துகொண்டிருந்தால், அடுத்த சந்திப்பில் அவருடைய தந்தையைப் பற்றிய பேச்சை மேலும் நீட்டாமல், அதற்குத் தகுதியான ஒருவரின் பெயரையும் முகவரியையும் கொடுத்து, வேலை தொடர்பாக அவர் தேடி வந்தது முடிந்துவிட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்