பேத்தியின் மறதி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 68 வயது. மகள் வயிற்றுப் பேத்தியைப் பிறந்ததிலிருந்து ஒரு வருடம் பத்து மாதம்வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். பாட்டி இல்லாத வீடு. குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் என் பொறுப்பு. பிறகு அவர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். ஒன்பது மாதம் கழித்துப் போன வாரம் வந்தார்கள். கையை நீட்டினேன். அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாரோ ஒரு கிழவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மறுநாள் கொஞ்சம் பழகினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தபோது ஓடிவந்து என் கையை விரித்துப் பார்த்தாள் (முன்பெல்லாம் கைக்குட்டைக்குள் சாவியை ஒளித்து விளையாடுவோம்). அதற்குமேல் ஒன்றுமில்லை. "தாத்தாவை ஞாபகம் இருக்கா?" என்று பத்து முறையாவது கேட்டிருப்பேன். இல்லை என்று தலையாட்டுகிறாள். இந்த வயதில் நினைவு என்பதே கிடையாதா? அப்படியானால் நான் தோளில் போட்டுத் திரிந்த அந்த 22 மாதங்கள் எங்கே போயின? ஞாபகசக்தி வளர மகள் படஅட்டைகளும் ஒரு செயலியும் வாங்கிவைத்திருக்கிறாள். பயன் உண்டா?

கே.

அன்புள்ள கே. ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறைதான் அந்தக் கைக்குட்டை கண்ணில் பட்டது. அதை அடைப்புக்குறிக்குள் போட்டு, "அதற்குமேல் ஒன்றுமில்லை" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியே அதுதான்.

முதலில் அந்தத் தலையாட்டல். இரண்டரை வயதுக் குழந்தை "ஞாபகம் இருக்கா?" என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலை நான் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அந்த வயதில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் "இல்லை", மீதிக்கு "மாட்டேன்". பார்த்ததை அடையாளம் காண்பது, கை பழகியதைக் கை செய்வது, "அன்றைக்கு இப்படி நடந்தது" என்று எடுத்துச் சொல்வது எல்லாவற்றையும் நாம் ஞாபகம் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவைத்திருக்கிறோம். இதில் கடைசியாக முளைப்பது எடுத்துச் சொல்வது. நீங்கள் அவளிடம் கேட்டது அதைத்தான்.

பேச்சு வராத பிள்ளைகளிடம் ஞாபகத்தை எப்படிச் சோதிப்பது? அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவீ-கோலியர் ஒரு வழி கண்டார். தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மைகளிலிருந்து ஒரு ரிப்பனை இறக்கிக் குழந்தையின் கணுக்காலில் கட்டினார். உதைத்தால் பொம்மைகள் ஆடும். சில நிமிடங்களில் குழந்தைக்குப் பிடிபட்டுவிடும். சில நாள் கழித்து, ரிப்பனைப் பொம்மையோடு இணைக்காமல், பழையபடி உதைக்கிறதா என்று பார்த்தார். 2 மாதக் குழந்தைக்கு ஞாபகம் ஓரிரு நாள் நின்றது. 3 மாதத்தில் ஏறக்குறைய ஒரு வாரம், 6 மாதத்தில் இரண்டு வாரம். வளர்ந்த குழந்தைகளுக்கு அழுத்தினால் ஓடும் பொம்மை ரயிலைக் கொடுத்தார்கள். ஒன்றரை வயதில் அந்த ஞாபகம் மூன்று மாதம்போல நின்றது.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதன் அடுத்த பகுதி. சுத்தமாக மறந்துவிட்டது என்று தோன்றிய குழந்தைக்கு, பொம்மைகள் ஆடுவதைச் சில நிமிடம் வெறுமனே காட்டினார்கள். அடுத்த நாள் அது மறுபடி உதைத்தது. இன்னொன்று: தொட்டிலைச் சுற்றியிருந்த துணியின் வடிவம் மாறினாலே சின்னக் குழந்தைகளுக்கு உதைக்கத் தோன்றவில்லை. அந்த வயதில் ஞாபகம் இடத்தோடும் பொருளோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வளர வளரத்தான் அந்தப் பிடி தளர்கிறது. பயணம் முடித்து வந்து நின்ற குழந்தை, வாசலில் கை நீட்டியவரைக் கண்டு ஒளிந்ததில் வியப்பில்லை. மறுநாள் பழகியதில்தான் யோசிக்க விஷயம் இருக்கிறது.

ஒன்பது மாதம் நீண்ட காலமாயிற்றே என்பீர்கள். உளவியலாளர் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் 1988-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், பெரியவர் ஒருவர் குனிந்து நெற்றியால் ஒரு பெட்டியை முட்டி விளக்கெரியச் செய்வதை 14 மாதக் குழந்தைகள் பார்த்தார்கள். பெட்டியைத் தொட விடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெட்டியைக் கையில் கொடுத்தபோது பெரும்பாலான குழந்தைகள் குனிந்து நெற்றியால் முட்டினார்கள். பின்னர் பாட்ரீசியா பாவர் செய்த ஆய்வுகளில், 20 மாத வயதில் பார்த்த செயல்களைப் பல குழந்தைகள் ஒரு வருடம் கழித்தும் செய்துகாட்டினார்கள். உங்கள் பேத்தி கிளம்பும்போது 22 மாதம்.

சரி, செய்யத் தெரிந்ததை ஏன் சொல்லத் தெரியவில்லை? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் சிம்காக், ஹார்லீன் ஹேய்ன் இருவரும் ஒரு விளையாட்டு இயந்திரம் செய்தார்கள். பெரிய பொம்மையை உள்ளே போட்டுப் பிடியைச் சுழற்றினால், அதே பொம்மை குட்டியாகி வெளியே வரும். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் இதை விளையாடினார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கேட்டபோது, இயந்திரத்தை இயக்கிக் காட்டவும் படத்தில் பொம்மையை அடையாளம் காட்டவும் பலருக்கு முடிந்தது. வாயால் சொல்வதுதான் மிகக் குறைவாக இருந்தது. விளையாடிய நாளில் தெரியாத ஒரு சொல்லை, இடையில் நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகும், ஒரு குழந்தைகூட அந்த நாளைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்தவில்லை. 2002-ல் வெளியான இந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சற்று நேரம் வேலை ஓடவில்லை. அன்றைக்கு இல்லாத சொல் அந்த நாளுக்குள் பின்னால் போய் ஒட்டிக்கொள்வதில்லை. உங்கள் தோளில் கிடந்தவளிடம் அப்போது எத்தனை சொற்கள் இருந்திருக்கும்?

உங்களுக்குப் பொய் ஆறுதல் சொல்லவும் மனமில்லை. அந்த 22 மாதங்களில் ஒரு நாளைக்கூட அவள் பெரியவளாகிச் சொல்லப்போவதில்லை. பெரியவர்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. அந்த நாட்கள் பதிவதே இல்லை என்றுதான் நெடுநாள் பலர் நினைத்தார்கள். 2025-ல் யேல் பல்கலைக்கழகத்தார் விழித்திருக்கும் குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஒரு வயதை ஒட்டியே ஹிப்போகாம்பஸ் (நினைவைப் பதியும் மூளைப் பகுதி) தன் வேலையைத் தொடங்குவது தெரிந்தது. பதிந்தது பிறகு ஏன் கைக்குச் சிக்குவதில்லை? 2014-ல் டொராண்டோவில் எலிகளிடம் செய்த சோதனை ஒரு காரணத்தைக் காட்டியது: அந்தப் பகுதியில் புதிய நரம்பணுக்கள் மளமளவென்று பிறந்து பழைய இணைப்புகளைக் கலைத்துவிடுகின்றன. குட்டி எலிகளில் அந்தப் பிறப்பைக் குறைத்தபோது அவை அதிகம் நினைவு வைத்திருந்தன. வளர்கிற மூளைதான் மறக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. "ஞாபகம் இருக்கா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அது பரீட்சை. பதிலாகக் கதை சொல்லுங்கள். "நீ குளிக்கமாட்டேன்னு ஓடுவே, தாத்தா பின்னாலேயே ஓடுவேன், அப்புறம் என்ன ஆச்சு?" என்று நடுவில் அவளுக்கு இடம் விடுங்கள். இப்படி விரித்துப் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் பின்னாளில் தங்கள் கதையை அதிக விவரத்தோடு சொல்வதை ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் முதலியோர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். முன்கதை பேசுவதற்கு மதிப்புக் கொடுக்கும், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களின் முதல் நினைவு, ஐரோப்பிய வழியினருடையதைவிட முந்தி, மூன்று வயதுக்கும் கீழே இருந்தது என்கிறது 2000-ல் வந்த ஓர் ஆய்வு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொல்லிக் கேட்டதே நினைவாகிவிடும். குழந்தை மனத்தை ஆராய்ந்த ழான் பியாஜேக்கே, தள்ளுவண்டியில் இருந்தபோது ஒருவன் தன்னைக் கடத்த வந்ததும் செவிலி போராடித் தடுத்ததும் கண்ணுக்கு முன்னால் தெரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அந்தச் செவிலி, பரிசாகப் பெற்ற கடிகாரத்தைத் திருப்பி அனுப்பி, அத்தனையும் கட்டுக்கதை என்று எழுதினாள். எனவே உங்கள் பேத்தி ஒருநாள் "தாத்தா பின்னால் ஓடிவந்தது ஞாபகமிருக்கு" என்றால், அது நீங்கள் சொன்ன கதையாகவே இருக்கலாம். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

படஅட்டையும் செயலியும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லப் பழகினால் அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்ல வரும். இந்த வயதில் எதிரே இருக்கும் ஆளிடம் கற்பதைவிடத் திரையில் கற்பது குறைவு. 2 முதல் 4 வயதுவரை திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். காணொலி அழைப்பு வேறு வகை, அதில் நீங்கள் அவளுக்குப் பதில் சொல்கிறீர்கள். அவர்கள் திரும்பிப் போன பிறகு அதை விடாதீர்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். கண்ணாடி துடைக்க எடுத்த கைக்குட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதற்குள் சாவி இல்லை. அவள் விரித்துப் பார்த்தது உங்கள் வெறுங்கையை. நாளை சாவியை வைத்து எடுங்கள், எதுவும் கேட்காமல். என்ன செய்தாள் என்று எழுதுங்கள்.